கையில் 93, போனில் 34: பேண்டில் வெப்பநிலை அலகு மாறாவிட்டால் என்ன செய்வது

போன கத்திரியில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தை போன் செய்தார். "கையில 99ன்னு காட்டுதுடா. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, இறங்கவே மாட்டேங்குது." தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாரா என்றால் இல்லை. பேரன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கையில் மாட்டிவிட்ட ஃபிட்னஸ் பேண்டைப் பார்த்துச் சொல்கிறார். "அத்தை, அந்த எண்ணுக்குப் பக்கத்துல ஏதாவது படம் இருக்கா பாருங்க." "இருக்கு. சூரியன் மாதிரி ஒண்ணு." காய்ச்சல் அடித்தது மேற்கு மாம்பலத்துக்கு. அத்தை நன்றாகத்தான் இருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் காய்ச்சல் என்றால் 100, 102 என்று பாரன்ஹீட்டில் பேசுகிறோம். ஏசியை 24ல் வைப்பது செல்சியஸ். வெயிலுக்கு இரண்டும் உண்டு: போனில் 38 என்று பார்ப்போம், அன்று மாலைச் செய்தியில் "வெயில் சதம் அடித்தது" என்பார்கள். பேண்டிலோ பாதி நேரம் எஃப், சி என்ற எழுத்தே இருக்காது. எண்ணும் ஒரு குட்டி வட்டமும்தான்.

அத்தைக்குச் சரிசெய்து கொடுத்த சேதி பரவி, இப்போது நடேசன் பூங்காவில் காலை நடைக்குப் போனால் வாரத்துக்கு ஒருவராவது கையை நீட்டுகிறார். பெரும்பாலும் அதே நாலைந்து கோளாறுகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே. பேண்டுக்குத் தானாக வானிலை தெரியாது. போனில் உள்ள ஆப் இணையத்திலிருந்து எடுத்து, ப்ளூடூத் வழியாக அனுப்புவதைத்தான் அது காட்டுகிறது. சிம் போட்ட வாட்ச் வைத்திருப்பவர்களை விட்டுவிடலாம். மற்ற எல்லோரும் முதலில் போனைத்தான் எடுக்க வேண்டும். மெனுப் பெயர்கள் ஆப்புக்கு ஆப், பதிப்புக்குப் பதிப்பு மாறும். நான் சொல்லும் பெயர் அப்படியே இல்லாவிட்டால் அதே அர்த்தத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

## அறிகுறி: பேண்டில் 85, 93, 99 என்று பெரிய எண் வருகிறது

பாரன்ஹீட்டில் ஓடுகிறது. செல்சியஸ் வேண்டும் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

ஆப்பின் உள்ளே. பேண்டின் ஆப்பைத் திறந்து புரொஃபைல், அப்புறம் செட்டிங்ஸ், அதில் ‘யூனிட்ஸ்’. அங்கே டெம்பரேச்சர் இருந்தால் செல்சியஸைத் தட்டுங்கள். இல்லையென்றால் ஆப்பில் உங்கள் பேண்டின் படத்தைத் தட்டி, அந்தப் பக்கத்தில் ‘வெதர்’ என்பதற்குள் பாருங்கள். எடை, தூரம் எல்லாம் ஒரு இடத்தில், வெப்பநிலை மட்டும் தனியாக வெதருக்குள் ஒளிந்திருப்பது சகஜம். பத்தில் ஆறேழு பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

பேண்டிலேயே. கொஞ்சம் விலை கூடிய வாட்ச்சுகளில் அதன் சொந்த செட்டிங்ஸிலேயே யூனிட்ஸ் இருக்கும். சிலவற்றில் வெதர் பக்கத்தை அழுத்திப் பிடித்தால்தான் வரும்.

போனின் செட்டிங்ஸில். ஆப்பில் அலகைப் பற்றிய பேச்சே இல்லையென்றால், அது போன் சொல்வதைக் கேட்டு நடக்கிற ரகம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அதில் டெம்பரேச்சர். ஆப்பிள் வாட்ச் கட்டியிருப்பவர்கள் தேட வேண்டிய முதல் இடமே இதுதான். அங்கே சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் ஐபோனின் வெதர் ஆப்பில் ஊர்ப் பட்டியலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டுங்கள். அங்கே தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் ‘ரீஜனல் பிரிஃபரன்சஸ்’ என்று ஒன்று வந்திருக்கிறது. சிஸ்டம், லாங்குவேஜஸ் பக்கம் தேடினால் கிடைக்கும், அதில் டெம்பரேச்சர். சாம்சங் வாட்ச் என்றால் போனில் உள்ள வெதர் ஆப்பின் செட்டிங்ஸில் யூனிட்டையும் பாருங்கள்.

பழைய ஆண்ட்ராய்டில் மொழியை மாற்ற வேண்டியிருக்கும். மொழி இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருந்தால் சில ஆப்புகள் தாமாகவே பாரன்ஹீட்டுக்குப் போய்விடும். இங்கிலீஷ் இந்தியா என்று வையுங்கள். எதிரே நிற்கும் பெரியவரின் போனில் செய்கிறீர்கள் என்றால் பட்டியலில் வேறு மொழி எதையும் தவறித் தொட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை தொட்டு, போன் முழுக்க எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தாக மாறி, திரும்பி வர அரை மணி நேரம் ஆனது.

கணக்கின் நாடு. மகனோ பேரனோ அங்கேயே கணக்கு தொடங்கி, பேண்டை இணைத்துக் கொடுத்தனுப்பியிருந்தால் கணக்கின் நாடு அமெரிக்கா என்றே இருக்கும். புரொஃபைலில் ‘கன்ட்ரி’ அல்லது ‘ரீஜன்’ என்று பாருங்கள். மாற்ற விட்டால் மாற்றிவிடுங்கள். விடாவிட்டால் புதுக் கணக்குதான் வழி. பழைய நடைக் கணக்கு அதோடு வராது. அதனால் இதைக் கடைசிக்கு வையுங்கள்.

மாறியதா என்று சரிபார்க்க வாய்ப்பாடு எதுவும் வேண்டாம். 77 என்றால் 25, 86 என்றால் 30, 95 என்றால் 35, 104 என்றால் 40. பாரன்ஹீட்டில் ஒன்பது ஏறினால் செல்சியஸில் ஐந்து ஏறும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது 28: திருப்பிப் போட்டால் 82, அதுதான் அதன் பாரன்ஹீட். மார்கழிப் பகலில் சென்னைக்கு ஏறக்குறைய அதே எண் வரும்.

## அறிகுறி: ஆப்பில் செல்சியஸ் வந்துவிட்டது, பேண்டில் வரவில்லை

அதிகம் வருகிற புகார் இது. அதிகம் பேர் அவசரப்பட்டு ரீசெட் அடிப்பதும் இங்கேதான். அலகு மாறவில்லை என்பது தோற்றம். மாறிய சேதி இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.

ஆப்பின் முகப்புப் பக்கத்தை விரலால் கீழே இழுத்து விடுங்கள். சிங்க் செய்வது என்பது இதுதான். மேலே சுற்றுகிற வட்டம் நிற்கும்வரை பேண்டைப் போனுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். அப்புறம் பேண்டில் வெதர் பக்கத்தை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சாருக்கு இதைச் செய்தபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 92 மறைந்து 33 வந்தது. "நிழலே கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

வரவில்லையா? போனில் ப்ளூடூத்தை அணைத்துப் போடுங்கள். அப்படியும் இல்லையென்றால் பேண்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு: முன்னது அணைத்துப் போடுவது, பின்னது பேண்டில் இருப்பதையெல்லாம் அழிப்பது. மெனுவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுங்கள்.

அடுத்தது போனின் பேட்டரி சிக்கனம். ஆப் திறந்திருக்கும்போது மட்டும் பேண்ட் பேசுகிறது, மூடினால் ஊமையாகிவிடுகிறது என்றால் இதுதான் காரணம். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி, பேட்டரி என்பதில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ அல்லது ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வையுங்கள். சில போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போடுங்கள்.

இன்னொரு கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்: "இதை வேற எந்தப் போன்லயாவது கனெக்ட் பண்ணியிருந்தீங்களா?" வீட்டு மேஜையில் கிடக்கும் பழைய போனில் ஆப் இன்னும் உயிரோடு இருந்தால், பேண்ட் வீட்டில் அதோடு பேசும், பூங்காவில் இதோடு பேசும். பழைய போனில் ஆப்பை எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் ஆப்புக்கும் பேண்டுக்கும் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். பேண்டின் அப்டேட்டுக்குச் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், முடியும்வரை போனைத் தூர எடுத்துப் போகாதீர்கள். அதற்கும் அடுத்த படி, பேண்டை ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்ப்பது. நீக்குவதற்கு முன் ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பேண்டில் மட்டும் இருக்கும் நடைக் கணக்கு போய்விடும். ஐபோன்காரர்கள் ஆப்பில் நீக்கினால் போதாது. ப்ளூடூத் பட்டியலிலும் ‘ஃபர்கெட்’ கொடுக்க வேண்டும்.

## அறிகுறி: வெதர் பக்கத்தில் செல்சியஸ், முகப்பில் பாரன்ஹீட்

வாட்ச் ஃபேஸின் வேலை. கடையில் இருந்தபடியே வந்த முகப்பை மாற்றி, தாஜ்மகால் போட்டது, முருகன் போட்டது என்று வேறு ஒன்றை இறக்கியிருப்பீர்கள். அதற்கென்று தனி அலகு இருக்கும். முகப்பை அழுத்திப் பிடித்து ‘கஸ்டமைஸ்’ வருகிறதா பாருங்கள். வராவிட்டால் வேறு முகப்பைப் போடுங்கள். சிலருக்கு முருகனை எடுக்க மனம் வராது. அவர்கள் முகப்பில் வெயில் காட்டும் மூலையை மட்டும் நீக்கிவிடலாம்.

## அறிகுறி: எழுத்து மாறியது, எண் மாறவில்லை

88 என்று இருந்தது, மாற்றியதும் 88 டிகிரி சி ஆகிவிட்டது. 88 செல்சியஸ் என்றால் நாம் நிற்பது பூங்காவில் இல்லை, இட்லிப் பானைக்குள். பழைய எண்ணின் மேல் புது எழுத்தை ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. அடுத்த முறை ஆப் வானிலையை எடுத்து அனுப்பும்போது தானாகச் சரியாகும். பொறுமை இல்லையென்றால் போனில் இணையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருமுறை சிங்க் செய்யுங்கள்.

## அறிகுறி: சென்னையில் 1 டிகிரி, 2 டிகிரி என்கிறது

இது வந்தால் எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருக்கும், ஏனென்றால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆப் ஏற்கெனவே 34 செல்சியஸ் என்று சரியாக அனுப்பிவிட்டது. பேண்டோ அது பாரன்ஹீட் என்று நினைத்து இன்னொரு முறை மாற்றுகிறது. 34 பாரன்ஹீட் என்பது செல்சியஸில் ஏறக்குறைய 1. விலை குறைந்த பேண்டுகளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

போனில் இப்போது எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து 32ஐக் கழித்து, மீதியில் பாதிக்குச் சற்று மேல் பேண்டில் இருந்தால் இந்தக் கோளாறேதான். ஆப்பில் அலகைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றி சிங்க் செய்யுங்கள். மறுபடி செல்சியஸுக்கு மாற்றி சிங்க் செய்யுங்கள். பேண்டிலும் தனி யூனிட் பொத்தான் இருந்தால் அதையும் அதே மாதிரி அங்கும் இங்கும் தட்டிவிடுங்கள். சரியாகாவிட்டால் பேண்டின் அப்டேட். அதிலும் போகவில்லை என்றால் நிறுவனத்துக்கு ஆப் வழியாகப் புகார் எழுதிவிட்டு வெயிலைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்ய எந்தக் கடைக்காரராலும் முடியாது.

கணக்குப் பொருந்தவில்லையா? ஊர் தவறு. இரண்டு தலைப்பு தள்ளிப் படியுங்கள்.

## அறிகுறி: மாற்றினேன், மறுநாள் பழையபடி ஆகிவிட்டது

மாற்றியபோது இணையம் இல்லாதிருக்கலாம். போனில் மட்டும் மாறியது, கணக்கில் பதியவில்லை. மறுநாள் கணக்கு தன் பழைய நினைவைத் திரும்பத் திணித்துவிட்டது. வைஃபையோ டேட்டாவோ இருக்கும்போது மாற்றி, ஆப்பை முழுக்க மூடித் திறந்து, செல்சியஸ் நிற்கிறதா என்று பாருங்கள்.

நிற்கவில்லையென்றால் அதே கணக்கு வேறு எங்கோ திறந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பேரனின் போனிலேயே பாட்டியின் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே பகலில் நாம் செல்சியஸ் வைத்தோம், அங்கே அவன் எழுந்ததும் இங்கே பாரன்ஹீட் ஆனது. வீடியோ காலில் அவனை லாக் அவுட் செய்யச் சொன்னதும் தீர்ந்தது.

## அறிகுறி: அலகு சரி, எண் பொருந்தவில்லை, அல்லது எண்ணே இல்லை, இரண்டு கோடுதான்

கோடுகள் வந்தால் லொகேஷன். போனில் லொகேஷன் போட்டிருக்கிறதா, அந்த ஆப்புக்கு அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேண்டைக் கட்டிக்கொண்டு சில மாதம் ஆப்பையே திறக்காமல் இருந்தால், பயன்படுத்தாத ஆப் என்று நினைத்து ஆண்ட்ராய்டு அனுமதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். லொகேஷனைத் தர விருப்பமில்லையென்றால் ஊரைக் கையால் தட்டலாம், ஆப் அனுமதித்தால்.

தட்டும்போது ஒரு எச்சரிக்கை. சென்னை என்று மாறியது 1996ல். இன்றும் நடுவயதைத் தாண்டியவர்கள் கை மெட்ராஸ் என்றுதான் தட்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்றே ஒரு ஊர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தை மாதத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே காட்டுகிறது என்று ஒருவர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார். ஊர்ப் பெயருக்குக் கீழே தமிழ்நாடு, இந்தியா என்று இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் கோளாறே கிடையாது. வானிலை ஆய்வு மையம் சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு இடத்து எண்ணைத் தருகிறது. கோடையில் அவை இரண்டுக்குமே அடிக்கடி ஒத்துப்போகாது, மீனம்பாக்கம்தான் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். கடற்காற்று தாமதமாக உள்ளே வருகிற நாளில் பெசன்ட் நகருக்கும் கிண்டிக்குமே நன்றாகத் தெரியும்.

எண் ரொம்பவே கூடுதலாக இருந்தால் அது ‘ஃபீல்ஸ் லைக்’ எண்ணா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் 34க்கு 41 என்று அது சொல்லும். ஒரு அளவுகோல் சொல்கிறேன்: நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று அடித்த வெயில் 45 டிகிரி, பாரன்ஹீட்டில் 113. அதையும் தாண்டி பேண்ட் காட்டினால் உண்மையான காற்றின் வெப்பநிலை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஸ்கின் டெம்பரேச்சர்’ என்று ஒன்று சில பேண்டுகளில் உண்டு. அது மணிக்கட்டின் சூடு. வெயிலும் இல்லை, காய்ச்சல் அளவும் இல்லை. உங்கள் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்று மட்டும் சிலவற்றில் வரும். அத்தையிடம் இதைச் சொல்லி, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர்தான் என்று முடித்துவிட்டேன்.

## அறிகுறி: பாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் நடை குறைந்துவிட்டது

எதிர்த்திசையில் வருபவர்களும் உண்டு. எங்கள் பூங்காவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வெயில் என்றால் நூறுதான் கணக்கு. 38 என்றால் வெயில் மாதிரியே தெரியவில்லையாம். பாரன்ஹீட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "தினமும் அஞ்சு வரும். இன்னைக்கு 3.1தான்பா வந்தது. கால் போச்சா?" அவருடைய ஆப்பில் வெப்பநிலைக்குத் தனி பொத்தான் இல்லை. மெட்ரிக், இம்பீரியல் என்று மொத்தமாக ஒன்றே. வெயிலை மாற்றினால் கிலோமீட்டர் மைலாகிறது, கிலோ பவுண்டாகிறது.

தனிப் பொத்தான் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். சார் கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தார்.

## எப்போது கடைக்குப் போவது

அலகு மாறவில்லை என்பதற்காக மட்டும் போகாதீர்கள். ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் எனக்குத் தெரிந்தவரிடம் "சாஃப்ட்வேர் ஏத்தணும்" என்று 400 ரூபாய் வாங்கினார்கள். செய்தது ரீசெட். இரண்டு வாரத்து நடைக் கணக்கு போனது. கணக்கின் நாடு அமெரிக்காவாகவே இருந்ததால், வீட்டுக்கு வந்து மறுபடி லாக் இன் செய்ததும் பாரன்ஹீட்டும் திரும்பி வந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியது இவற்றுக்கு: ரீசெட் செய்த பிறகும் இரண்டு வெவ்வேறு போன்களில் எதனோடும் பேண்ட் இணையவில்லை, தொடுதிரை பாதி இடத்தில் வேலை செய்யவில்லை, அப்டேட் நடுவில் நின்று லோகோவோடு உறைந்துவிட்டது. பின்மூடியோ திரையோ தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றுங்கள், சார்ஜில் போடாதீர்கள்.

பெரும்பாலான பேண்டுகளுக்கு ஓராண்டு வாரண்டி இருக்கும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதை நேரில் போவதற்கு முன் ஆப்பில் உள்ள கஸ்டமர் கேரில் கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போகும்போது பில், ஆப்பில் பேண்டின் பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பரின் ஸ்கிரீன்ஷாட், பேண்டோடு வந்த சார்ஜர் மூன்றையும் எடுத்துப் போங்கள். சார்ஜரை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.